சிறைக்கோட்டமும் அறக்கோட்டமும்: ஈழத்து முகாம் எழுத்துக்கள் பற்றிய ஒரு நோக்கு

1

முகாம் என்னும் சொல் அரபு மொழியிற் பிறந்து உருது வழியாகத் தமிழுக்கு வந்து சேர்ந்தது. தங்குமிடம் என்பதே அதன் அடிப்படைப் பொருள். படை தங்கும் இடத்தைப் பண்டைத் தமிழர் பாசறை எனவும் கட்டூர் எனவும் வழங்கினர். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய முல்லைப்பாட்டு அத்தகைய பாசறை ஒன்றினை விரிவாகக் காட்டுகின்றது. காட்டை அழித்து அமைக்கப்பட்டு முள்வேலியாற் சூழப்பட்ட அப்பாசறையில் அரசன் இருக்கின்றான், காவலர் இருக்கின்றனர், நாழிகை அளந்து கூறுவோரும் இருக்கின்றனர். அரசியோ அரண்மனையில் இருந்து அவன் வரவை எதிர்பார்க்கின்றாள். போருக்குச் சென்றவர் முள்வேலியின் உள்ளும், செல்லாதவர் இல்லத்தினுள்ளும் இருப்பது அப்பாட்டின் அமைப்பாகும்.

அண்மைக்கால ஈழத்தில் இவ்வமைப்புத் தலைகீழாயிற்று. போர் செய்யாத முதியோரும் தாயரும் குழந்தைகளும் முள்வேலியின் உள்ளே வைக்கப்பட்டனர். அவர் வரவை இல்லத்திலிருந்து எதிர்பார்ப்பதற்கு எவரும் இலர்; பல வேளைகளில் இல்லமும் இல்லை. இத்தகைய வாழ்வை நம் இலக்கிய மரபு முன்னர் அறிந்ததில்லை. அதனை எழுத முற்பட்ட ஈழத்து உரைநடை எவ்வெவ் வழிகளில் வெற்றி கண்டது, எவ்விடத்தில் நின்றுவிட்டது என்பனவே ஈண்டு ஆராயப்படுகின்றன.

2

முகாம் என்றவுடன் 2009 ஆம் ஆண்டும் செட்டிகுளத்து மெனிக் பாமும் மட்டுமே பலர் நினைவுக்கு வருகின்றன. ஆயின் மன்னார்க் கரையில் நின்று நோக்குவார்க்கு இவ்வரலாறு இன்னும் நீண்டதாகப் புலப்படும். நானாட்டான் பிரதேசத்தில், வங்காலைக்கு அண்மையில் உள்ள ஊர் நறுவிலிக்குளம். நறுவிலி மரமும் குளமும் சேர்ந்து அதற்குப் பெயர் தந்தன. ஒருபுறம் கட்டுக்கரைக்குளத்து நீர் பாயும் வயல்நிலம். மறுபுறம் மன்னார்க் கடல். மருதமும் நெய்தலும் கைகோத்து நிற்கும் இவ்வூரை நடுவாக வைத்து ஒரு வட்டம் வரைந்தால், ஈழத்து முகாம் வரலாற்றின் பெரும்பகுதி அவ்வட்டத்துள் அடங்கிவிடும்.

கிழக்கே மடு உள்ளது. மன்னார்க் கத்தோலிக்கரின் தலையாய திருத்தலமாகிய அது 1990 முதல் பல்லாயிரம் மக்களின் அடைக்கலமாயிற்று. அங்கேயே 1999 நவம்பர் 20 ஆம் நாள் எறிகணை வீழ்ந்து, தஞ்சம் புகுந்திருந்தோர் பலர் மாண்டனர். தெற்கே முசலி. 2007 செப்டெம்பரில் இராணுவ நடவடிக்கை தொடங்கியபோது அப்பகுதி மக்கள் ஊர்களை விட்டு நானாட்டான், முருங்கன் முதலிய இடங்களுக்குப் பெயர்ந்தனர். நானாட்டான் பிரதேசத்துக்குள்ளேயே களிமோட்டை, சிறுக்கண்டல் ஆகிய இடங்களில் முகாம்கள் இருந்தன. வன்னியிலிருந்து தப்பி வந்த குடும்பங்கள் 2008 மார்ச் முதல் அங்குதான் அடைத்து வைக்கப்பட்டன. அனுமதிச்சீட்டின்றி வெளியேற இயலாத இம்முகாம்களே பின்னர் மெனிக் பாமில் பேருருக் கொண்ட முறைமையின் முன்மாதிரி எனலாம். மேற்கே கடல். அதன் அப்புறம் மண்டபம் முகாம்.

இவ்வட்டத்துள் மற்றொரு பெயர்வும் அடங்கும். 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் யாவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். மன்னாரின் எருக்கலம்பிட்டியிலும் முசலியிலும் வாழ்ந்தோர் புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளிற் கிடுகுக் கொட்டில்களில் தம் வாழ்வின் பெரும்பகுதியைக் கழித்தனர். அவர்களைச் சூழ்ந்து முள்வேலி இல்லை. ஆயினும் திரும்பிச் செல்லும் வழி அடைபட்டிருந்தது. ஈழத்து முகாம் எழுத்தைப் பேசும் திறனாய்வு இவர்களை விலக்கிப் பேசுமாயின் அது பாதி வரலாற்றையே பேசியதாகும்.

3

தொல்காப்பிய மரபில் நெய்தலுக்கு இரங்கலும், முல்லைக்கு இருத்தலும், பாலைக்குப் பிரிதலும் உரிப்பொருள்கள். முகாம் பற்றி எழுந்த கவிதைகளிற் பெரும்பாலானவை இரங்கலைப் பற்றிக்கொண்டன. இது இயல்பே. இழப்பின் அண்மையில் நிற்கும் கவிஞனுக்குப் புலம்பலே முதலிற் கைவரும். ஆயின் முகாம் வாழ்வின் உண்மையான உரிப்பொருள் இரங்கல் ஆகாது, அது இருத்தலே. மெனிக் பாமில் 2009 நடுப்பகுதியில் வாழ்ந்தவர் ஒருவரின் பகற்பொழுது எவ்வாறு கழிந்தது என்பதை எண்ணினால் இது விளங்கும். தண்ணீர்ப் பவுசருக்கு ஒரு வரிசை, சமைத்த உணவுக்கு ஒரு வரிசை, மருத்துவரைக் காண ஒரு வரிசை, மலசலகூடத்துக்கும் வரிசை. உறவினரை முட்கம்பியின் இப்புறம் நின்று அப்புறத்தே தேடும் கூட்டம் வேறு. ஒலிபெருக்கியில் எவர் பெயர் அழைக்கப்படும், அழைக்கப்பட்டவர் எங்குக் கொண்டு செல்லப்படுவார் என்னும் அச்சம் இவை அனைத்தினூடும் ஓடியது. அவ்வாண்டு ஓகஸ்டில் மழை பெய்து தறப்பாள் கூடாரங்களுள் வெள்ளம் புகுந்தது. அதன் பின்னரும் வரிசைகள் தொடர்ந்தன.

முல்லையின் இருத்தலுக்கு ஒரு கால எல்லை உண்டு. கார்காலம் வரும், தலைவன் மீள்வான். எல்லை தெரிந்த காத்திருப்பாதலால் அது கற்பின் திறமாகவும் ஆற்றியிருக்கும் பண்பாகவும் போற்றப்பட்டது. முகாமின் இருத்தலுக்கு எல்லை கூறுவார் இலர். முல்லைப்பாட்டின் பாசறையிலிருந்த நாழிகைக் கணக்கருக்கு இங்கு வேலையில்லை. எத்தனை நாள் கழிந்தது என்பதை அறியலாமேயன்றி, எத்தனை நாள் எஞ்சியுள்ளது என்பதை அறிய வழியில்லை. கதை என்பது நிகழ்ச்சிகளின் கோவை என்று கொண்டால், நிகழ்ச்சியே இல்லாத இவ்வாழ்வு கதைக்குள் அடங்க மறுக்கின்றது. வீரத்தையும் இரக்கத்தையும் எழுதிப் பழகிய ஈழத்து உரைநடை, ஒன்றுமே நிகழாத நாளை எழுதக் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. முகாம் எழுத்தை அளக்கத் தக்க அளவுகோல் இதுவே.

4

இவ்வளவுகோல் கொண்டு நோக்குமிடத்து முதலில் நிற்பவர் தொ. பத்தினாதன். மன்னார் மாவட்டத்தைச் சேர்ந்த இவர் 1990 ஆம் ஆண்டில், இளம் பருவத்திலேயே, கடல் கடந்து தமிழ்நாட்டு முகாம்களில் அகதியாக வாழ்ந்தவர். காலச்சுவடு பதிப்பகம் 2007 இல் வெளியிட்ட 'போரின் மறுபக்கம்' அவ்வாழ்வை உள்ளிருந்து எழுதிய தன்வரலாறு.

அவர் வந்திறங்கிய மண்டபத்துக்கே ஒரு வரலாறு உண்டு. இலங்கையின் பெருந்தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளரைத் தடுத்துவைத்து நோய் சோதித்து அனுப்புவதற்காக அமைக்கப்பட்ட இடம் அது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் அத்தொழிலாளரின் வழித்தோன்றல்கள் நாடற்றோராய்த் திரும்பியபோதும் அதன் வழியே வந்தனர். 1983 இன் பின்னர் ஈழத்து அகதிகள் வந்தனர். ஒரே கடற்கரையிலுள்ள கொட்டகைகள் மூன்று தலைமுறைத் தமிழரை மூன்று காரணங்களுக்காகப் பதிவேட்டில் எழுதிக்கொண்டன. பத்தினாதனின் நூலை இந்த நீண்ட பதிவேட்டிற்கு அதன் உள்ளே எழுதப்பட்ட ஒருவர் அளித்த மறுமொழி என்று படிப்பதே பொருத்தமாகும்.

அந்நூலின் நடை அலங்காரமற்றது. சில இடங்களிற் கரடுமுரடானது. கூறியது கூறலும் உண்டு. இக்குறைகளைச் சுட்டி இதனை இலக்கியமன்று எனத் தள்ளுதல் எளிது. ஆயின் மாதக் கொடுப்பனவு, ஆட்கணக்கெடுப்பு, கியூ பிரிவுப் பொலிசாரின் கண்காணிப்பு, வெளியே தங்குவதற்கான அனுமதி என்பவற்றால் ஆன ஒரு வாழ்க்கையில், ஒரே செயல் மீண்டும் மீண்டும் நிகழ்வதே வாழ்க்கையின் வடிவமாகும். அவ்வடிவத்தை அழகுபடுத்திச் செம்மை செய்தால் அது பொய்த்துவிடும். தமிழ்நாடு ஈழத் தமிழரைத் தாயுள்ளத்தோடு அணைத்துக்கொண்டது என்னும் மேடைப் பேச்சுக்கு இந்நூல் கொடுத்த மறுப்பு, உரத்த குரலில் அமையாமல் அன்றாடச் செய்திகளின் வழி அமைந்தது. அதனாலேயே அதன் வலிமை மிகுந்தது. 2021 இல் தமிழ்நாட்டு அரசு அகதி முகாம்களை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' எனப் பெயர் மாற்றியது. நல்லெண்ணத்திற் பிறந்த இம்மாற்றத்தின் பின்னரும் முகாம் என்னும் சொல் நீங்கவில்லை என்பது கவனிக்கத் தக்கது.

5

பெயரிடுதல் முகாம் வாழ்வில் ஒரு தனித் துறை. மெனிக் பாமில் மக்கள் அடைக்கப்பட்ட இடங்கள் அரசாங்க ஏடுகளில் 'நலன்புரிக் கிராமங்கள்' எனப்பட்டன. அவற்றுக்கு இராமநாதன், அருணாசலம், ஆனந்த குமாரசுவாமி, கதிர்காமர் என்னும் தமிழ்ப் பெரியோரின் பெயர்கள் இடப்பட்டன. கீழைத்தேயக் கலையின் உட்பொருளை உலகுக்கு உரைத்த ஆனந்த குமாரசுவாமியின் பெயரில் ஒரு முள்வேலி எழுந்தது. சட்டசபையில் முழங்கிய இராமநாதனின் பெயரில் மற்றொன்று எழுந்தது. போரின் இறுதியில் ஏறத்தாழ 280,000 மக்கள் இத்தகைய முகாம்களுள் வாழ்ந்தனர்.

மணிமேகலைக் காப்பியத்திற் 'சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை' என ஒரு காதை உண்டு. அமுதசுரபியோடு சிறைக்குச் சென்று பசித்தோர்க்கு உணவளித்த மணிமேகலை, சோழ மன்னனிடம் வேறு வரம் வேண்டாமல், சிறையை அறம் செய்யும் இடமாக மாற்றித் தருமாறு வேண்டுகின்றாள். மன்னனும் இசைகின்றான். சாத்தனார் கண்ட அந்த மாற்றம் ஈழத்தில் எதிர்த்திசையில் நிகழ்ந்தது. பாடசாலைகள் தடுப்பு முகாம்களாயின. பல்கலைக்கழக மாணவர்க்கென அமைந்த பம்பைமடு விடுதிக் கட்டடங்களிற் பெண்கள் தடுத்து வைக்கப்பட்டனர். அறக்கோட்டம் சிறைக்கோட்டமாகியது, ஆனால் அறக்கோட்டத்தின் பெயரை அது கைவிடவில்லை.

பம்பைமடுவை எழுதியவர் வெற்றிச்செல்வி. மன்னார் அடம்பனைச் சேர்ந்த இவர் விடுதலைப் புலிகள் இயக்கத்தில் இருந்தவர். வெடிவிபத்தொன்றிற் கையையும் கண்ணையும் இழந்தவர். 'ஈழப்போரின் இறுதி நாட்கள்' என்னும் நூலில் முள்ளிவாய்க்கால் வரையிலான வழியையும், 'ஆறிப்போன காயங்களின் வலி' என்னும் நூலிற் போரின் பின்னரான தடுப்பு வாழ்வையும் அவர் பதிந்துள்ளார். முதல் நூலில் நிகழ்ச்சிகள் ஒன்றையொன்று துரத்துகின்றன. இரண்டாவது நூலில் நாட்கள் அசையாமல் நிற்கின்றன. எழுத்தாளர் ஒருவரே இருவகைக் காலத்தையும் கையாண்டிருப்பதால் இவ்விரு நூல்களையும் ஒப்பிட்டுப் படித்தல் பயனுடையது. அவ்வாறு படிப்பார்க்கு இரண்டாவது நூலே இலக்கிய நிலையில் உயர்ந்ததாகத் தோன்றும். உடன் இருந்த பெண்களின் சிறு உதவிகள், சிறு பிணக்குகள், உடற்குறையோடு அன்றாடம் போராடும் நிலை என்பவற்றில் அதன் உயிர் இருக்கின்றது.

தமிழினியின் 'ஒரு கூர்வாளின் நிழலில்' இதனோடு வைத்து எண்ணத்தக்கது. புலிகளின் மகளிர் அரசியற்றுறைப் பொறுப்பாளராக இருந்த அவர் 2009 மே மாதத்திற் கைதாகி, வெலிக்கடைச் சிறையிலும் பின்னர்ப் புனர்வாழ்வு முகாமிலும் இருந்து 2013 இல் விடுவிக்கப்பட்டார். 2015 ஒக்டோபர் 18 ஆம் நாள் புற்றுநோயால் மறைந்தார். நூல் 2016 இல் வெளிவந்தது. அது இயக்கத்துக்குச் சார்பானதா எதிரானதா, அவர் எழுத்து முழுவதும் அவருடையதுதானா என்னும் வாதங்கள் உடனே எழுந்தன. இவ்வாதத்தின் இரு தரப்பினரும் நூலின் பிற்பகுதியைப் போதிய அளவு படிக்கவில்லை என்றே கூறவேண்டும். தலைமைப் பொறுப்பில் இருந்த ஒருவர், பெயரும் பதவியும் நீங்கி, மற்றைக் கைதிகளுள் ஒருவராக வாழக் கற்கும் பகுதி அது. அரசியல் தீர்ப்புக்காக நூலைப் புரட்டுவோர்க்கு அப்பகுதி தேவையற்றதாகத் தோன்றலாம். முகாம் எழுத்தின் வரலாற்றில் அதுவே நிலைக்கும் பகுதியாகும்.

புனைகதையில் குணா கவியழகனின் 'விடமேறிய கனவு' சுட்டத்தக்கது. தடுப்பு முகாமில் அடைபட்ட போராளிகளின் உலகை அது நாவலாக்கியது. சிறைப்பட்டோர் தம்முள் ஒருவரையொருவர் ஐயுறும் நிலையை அது அஞ்சாது காட்டுகின்றது. ஆயின் நாவல் என்னும் வடிவம் பதற்றத்தையும் திருப்பத்தையும் வேண்டி நிற்பதால், அங்கு விசாரணைக்கும் தப்புதற்கும் உள்ள இடம் வெறும் காத்திருப்புக்கு இல்லை.

6

மேற்கூறிய நான்கு எழுத்தாளருள் மூவர் முன்னாட் போராளிகள். பத்தினாதன் ஒருவரே பொதுமகன். அவர் எழுதியதும் கடலுக்கு அப்பாலுள்ள முகாம். புனர்வாழ்வு முகாம்களில் இருந்த முன்னாட் போராளிகள் ஏறத்தாழ 12,000 பேர். நலன்புரி முகாம்களில் இருந்த பொதுமக்கள் அத்தொகையின் இருபது மடங்குக்கும் மேலானோர். எழுத்தின் விகிதம் இதற்கு நேர்மாறாக உள்ளது. இதற்குக் காரணம் தேடுவது கடினமன்று. இயக்கம் தன் உறுப்பினரை எழுதப் பழக்கியது. நாட்குறிப்பும் இதழும் நூலும் அங்கு இருந்தன. தமது வாழ்வு வரலாற்றின் பகுதி என்னும் எண்ணம் போராளிக்கு இருந்தது. நெல் விதைத்தவருக்கும் வலை இழுத்தவருக்கும் அவ்வெண்ணத்தை எவரும் ஊட்டவில்லை. தமக்கு நேர்ந்ததை அவர்கள் வரலாறு என்று கருதாமல் விதி என்று கருதினர். எனவே பொதுமகனின் முகாம் தமிழில் இன்னும் பெரும்பாலும் வாய்மொழியாகவே உள்ளது.

இக்குறையிலிருந்து மற்றொரு குறை பிறக்கின்றது. போராளியின் கதைக்கு விடுதலை நாள் ஒரு முடிவாக அமையும். கதவு திறக்கின்றது, அவர் வெளியேறுகின்றார், நூல் முடிகின்றது. பொதுமகனின் விடுதலையோ அன்றுதான் தொடங்குகின்றது. 2009 டிசெம்பர் 1 முதல் மெனிக் பாமில் இருந்தோர் அனுமதி பெற்று வெளியே சென்றுவரலாம் என்றானது. முகாம் முற்றாக மூடப்பட்டது 2012 செப்டெம்பரில். அப்போது இறுதியாக வெளியேறிய கேப்பாப்புலவு மக்கள் தம் ஊருக்குச் செல்லவில்லை. அங்கு இராணுவம் இருந்தமையால் சீனியாமோட்டையிற் கொண்டுபோய் விடப்பட்டனர். மன்னார்க் கரையிலும் இதற்கு இணையான நிகழ்ச்சி உண்டு. 2007 செப்டெம்பரில் முள்ளிக்குளத்திலிருந்து வெளியேற்றப்பட்ட மக்கள், ஊரைக் கடற்படை கொண்டதனால், மலங்காட்டிலும் காயாக்குழியிலும் குடிலமைத்து வாழ்ந்தனர். 2017 இல் அவர்கள் நடத்திய போராட்டத்தின் பின்னரே நிலத்தின் ஒரு பகுதி விடுவிக்கப்படத் தொடங்கியது. வேலி நீங்கிய பின்னும் ஊர் கிட்டாத இந்நிலையை விடுதலை என்பதா, முகாமின் நீட்சி என்பதா? இவ்வினாவை எழுப்பும் நூல் ஒன்று இன்னும் வேண்டியிருக்கின்றது.

உலக இலக்கியத்தில் இத்தகைய நூலுக்கு முன்மாதிரி உண்டு. இத்தாலிய எழுத்தாளர் பிரீமோ லெவி, அவுஷ்விற்ஸ் முகாம் வாழ்வைப் பற்றிய தமது முதல் நூலை 1947 இல் வெளியிட்டார். முகாம் 1945 ஜனவரி 27 இல் விடுவிக்கப்பட்டபோதும், அவர் தூரின் நகரிலுள்ள தம் வீட்டை அடைந்தது அவ்வாண்டு ஒக்டோபரில். இடைப்பட்ட ஏறத்தாழ ஒன்பது மாதங்களின் அலைச்சலை எழுத அவருக்கு மற்றொரு நூல் தேவைப்பட்டது. அது 1963 இல் வெளிவந்தது. விடுதலைக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள தூரம் தனியே எழுதத்தக்க பொருள் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

எழுதாது விட்டால் நேர்வது என்ன என்பதற்கு மலாயத் தமிழர் வரலாறு சான்று. ஜப்பானியர் ஆட்சியின்போது சயாம் - பர்மா இரயிற் பாதை வேலைக்குப் பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர் கொண்டு செல்லப்பட்டுக் காட்டு முகாம்களில் மடிந்தனர். அங்கிருந்த ஐரோப்பியப் போர்க்கைதிகள் தம் நினைவுகளைப் போர் முடிந்தவுடனேயே எழுதத் தொடங்கினர். தமிழரின் துயரைப் பேசிய ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவல் 1993 இலும், அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' 2005 இலுமே வெளிவந்தன. இடைப்பட்ட அரை நூற்றாண்டில் அப்பாதையை உலகம் வெள்ளையரின் துயரமாகவே அறிந்திருந்தது. எண்ணிக்கையில் மிக்கவர் எழுத்தில் இல்லாமற் போயினர்.

நானாட்டானிலும் முசலியிலும் வன்னியிலும் முகாம் வாழ்வைக் கண்டவருள் மூத்தோர் நாள்தோறும் மறைந்து வருகின்றனர். அவர்கள் எழுதமாட்டார்கள், கேட்பார் இருந்தாற் கூறுவார்கள். தமிழ்த்துறைகளில் நாட்டார் பாடலும் பழமொழியும் திரட்டும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. ஒப்பாரியைத் திரட்டிய அதே கவனத்தோடு வரிசைகளின் கதையும், அனுமதிச்சீட்டின் கதையும், திரும்பிச் சென்றபோது வளவில் எஞ்சியிருந்த கிணற்றின் கதையும் அவரவர் பேச்சுவழக்கிலேயே திரட்டப்படல் வேண்டும். தமிழ் முஸ்லிம் எனப் பிரிக்காது, மண்டபத்திலும் புத்தளத்திலும் மெனிக் பாமிலும் இருந்தோர் யாவரிடமிருந்தும் திரட்டப்படல் வேண்டும். இப்பணியை மேற்கொள்ளும் மாணவர் தாம் இலக்கியம் படைப்பதாக எண்ணத் தேவையில்லை. முகாம்களின் ஆட்பதிவேடுகள் எங்கோ ஒரு களஞ்சியத்தில் இருக்கும். அவற்றில் ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கம் உண்டு. அவ்விலக்கங்களுக்கு உரியோர் தம் வாயாற் கூறியதும் வேறோர் ஏட்டில் இருக்குமாயின், பின்வரும் எழுத்தாளர் அதனைக் கொண்டு இருத்தலையும் மீளுதலையும் எழுதுவர்.